பேப்பர் கோன்: சுருட்டுவதில் தொடங்கி தமிழில் பெயர் எழுதுவது வரை

கேக் மேல் பெயர் எழுத, மெல்லிய கோடு இழுக்க, சாக்லேட்டில் நுணுக்கமான வேலை செய்ய, பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி ஐசிங் நிரப்பிப் பிழியும் பேப்பர் கோனைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. பிளாஸ்டிக் பைப்பிங் பேக் (க்ரீமைப் பிழியும் பை) வாங்க முடியாதவர்களுக்கான மாற்று இது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ரோஜா சுற்றவும், கப்கேக் மேல் க்ரீமைக் குவிக்கவும் பெரிய பிளாஸ்டிக் பேக்தான் வேண்டும். ஆனால் ஒரு பெயர் எழுத ஒரு டேபிள்ஸ்பூன் ஐசிங் போதும். அதைப் பெரிய பேக்கில் போட்டால் பாதி சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், மீதி கை அழுத்தத்துக்கு அடங்காது. ஐந்து நிறம் வேண்டுமென்றால் ஐந்து நாசில் (பேக்கின் முனையில் மாட்டும் சின்னக் குழல்) வேண்டும், அத்தனையையும் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். பேப்பரில் ஐந்து கோன் சுருட்ட ஐந்து நிமிடம் ஆகும்.

முதலில் பேப்பர். கடையில் "பட்டர் பேப்பர்" என்று கேட்டால் இரண்டு வகையில் ஒன்றைத் தருவார்கள். ஒன்று, எண்ணெய் ஊறாத சாதாரண பட்டர் பேப்பர். இன்னொன்று, சிலிகான் பூசிய பேக்கிங் பார்ச்மென்ட். இரண்டிலும் கோன் வரும், ஆனால் நடத்தை வேறு. சாதாரண பட்டர் பேப்பர் மடித்தால் மடித்தபடி நிற்கும், செல்லோ டேப்பும் ஒட்டும். ராயல் ஐசிங் (முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும் அடித்த கலவை) போன்ற ஈரமான பொருளை வைத்தால் அரை மணி நேரத்துக்குள் முனை ஊறித் துவளத் தொடங்கும், அவ்வளவுதான் குறை. சிலிகான் பேப்பர் ஊறாது. ஆனால் வழுக்கும், டேப் பிடிக்காது. அதை மடிப்பால் மட்டுமே பூட்ட முடியும். மெழுகு பூசிய பேப்பர் வேண்டவே வேண்டாம். சூடான சாக்லேட் பட்டதும் மெழுகு இளகிக் கலந்துவிடும். அச்சடித்த செய்தித்தாளில் சுருட்டிப் பழகலாம், உணவை வைக்கக் கூடாது. மையில் உள்ள ரசாயனங்கள் உணவில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது.

இலங்கையில் இருப்பவர்கள் ஒயில் பேப்பரில் சுருட்டலாம். கேக் வேகவைக்கும் தட்டின் உள்ளே விரிக்கும் அதே தாள்தான்.

20 செ.மீ. சதுரமாகப் பேப்பரை வெட்டி, மூலைக்கு மூலை மடித்து, மடிப்பில் கத்தியால் அறுத்தால் இரண்டு செங்கோண முக்கோணம் கிடைக்கும். பெயர் எழுத இந்த அளவு போதும். பார்டர் போட, கொஞ்சம் கூடுதலாக ஐசிங் வைக்க 30 செ.மீ. சதுரம். மடிப்பில் கையால் கிழிக்காதீர்கள். அந்த நீளப் பக்கத்தின் நடுவில்தான் கோனின் முனை வரப்போகிறது. அங்கே பிசிர் இருந்தால் ஐசிங் கோடு நேராக விழாது. ரோலிலிருந்து வெட்டிய பேப்பர் தானாகவே ஒரு பக்கம் சுருண்டிருக்கும். அந்தச் சுருள் கோனின் உட்பக்கமாக வருமாறு வைத்துக்கொண்டால் பாதி வேலையைப் பேப்பரே செய்துவிடும்.

இனி சுருட்டல். முக்கோணத்தை மேஜையில் வையுங்கள். நீளப் பக்கம் உங்களுக்கு எதிரே, செங்கோண மூலை உங்கள் வயிற்றைப் பார்த்தபடி. வலது மூலையைப் பிடித்து, மேற்பக்கமாக உள்நோக்கிச் சுருட்டிக் கொண்டுவந்து செங்கோண மூலையின் மேல் வையுங்கள். இப்போது பாதிக் கோன் வந்திருக்கும். கடலை மடிக்கிறவர் பொட்டலம் பிடிப்பதுபோல் இந்த இரண்டு மூலையையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள், விடக் கூடாது. மற்றக் கையால் இடது மூலையைத் தூக்கி, கோனின் மேலாகக் கொண்டுபோய், வெளிப்பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றி, அதே செங்கோண மூலையின் பின்புறம் கொண்டுவந்து சேருங்கள். மூன்று மூலையும் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். உள்ளே வலது மூலை, நடுவில் செங்கோண மூலை, வெளியே இடது மூலை.

இது ஏன் இவ்வளவு சரியாகச் சேர்கிறது என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கில் விடை இருக்கிறது. செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் நடுப்புள்ளியிலிருந்து மூன்று மூலைகளும் ஒரே தூரத்தில் இருக்கும். அந்த நடுப்புள்ளிதான் கோனின் முனை. சதுரத்தைப் பாதியாக்கிய முக்கோணத்தில் அந்தப் புள்ளியின் ஒவ்வொரு பக்கமும் 90 பாகை. ஆக, கோன் சரியாக இரண்டு அடுக்கு. இந்தக் கணக்கிலிருந்து வேலைக்கு உதவும் இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, கொள்ளளவு. 20 செ.மீ. சதுரத்தில் வரும் கோன் மூலைப் பக்கம் 14 செ.மீ. உயரமாகத் தெரியும், ஆனால் வாயின் தாழ்வான இடம் முனையிலிருந்து 10 செ.மீ.தான். அதில் முனையிலிருந்து 6 செ.மீ. வரை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு டேபிள்ஸ்பூன். 30 செ.மீ. சதுரத்தில் 8 செ.மீ. வரை நிரப்பினால் இரண்டு டேபிள்ஸ்பூன். இரண்டாவது இன்னும் முக்கியம்: முனையில் எவ்வளவு நறுக்குகிறீர்களோ அதில் பாதிதான் துளையின் அகலம். 2 மி.மீ. நறுக்கினால் 1 மி.மீ. துளை, 4 மி.மீ. நறுக்கினால் 2 மி.மீ. துளை. நறுக்கும்போது கண் அளவுக்கு இது பெரிய துணை.

சதுரத்துக்குப் பதில் 20-க்கு 30 செ.மீ. செவ்வகத்தைக் குறுக்கே அறுத்தும் சுருட்டலாம். குட்டைப் பக்கத்து மூலையை முதலில் உள்ளே சுருட்ட வேண்டும். கோன் ஒல்லியாகவும், அடுக்கு இரண்டரைக்கு மேலாகவும் வரும். முனை கூர்மையாக இருக்கும், எளிதில் பிரியாது. ஆனால் கடைசி மூலை மற்ற இரண்டோடு சேராமல் வேறிடத்தில் போய் நிற்கும். கை பழகாதவர்கள் அதைப் பார்த்துத் தப்பாகச் சுருட்டிவிட்டோமோ என்று குழம்புவார்கள். அதனால் சதுரத்திலேயே தொடங்குங்கள்.

சுருட்டி முடித்ததும் முனையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். இதை அப்படியே விட்டால் நீங்கள் நறுக்கும் முன்பே ஐசிங் கசியும், அடுக்குகளுக்கு நடுவிலும் புகும். மூலைகளை விடாமல் கட்டைவிரல்களை உள்ளேயும் மற்ற விரல்களை வெளியேயும் வைத்து, உள்மூலையை ஒரு பக்கமும் வெளிமூலையை எதிர்ப்பக்கமுமாக அரை செ.மீ. நகர்த்துங்கள். முனை இறுகி ஊசிபோல் கூடுவது கண்ணுக்கே தெரியும். வெளிச்சத்துக்கு நேரே கோனைத் தூக்கி, வாய் வழியாக உள்ளே பாருங்கள். முனையில் ஒளிப்புள்ளி தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். பிறகு மூன்று மூலையையும் சேர்த்து உட்பக்கமாக இரண்டு மடிப்பு மடித்து, மடிப்பில் 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு சின்னக் கீறல் கிழித்து, நடுத்துண்டை எதிர்ப்பக்கம் மடக்கிவிட்டால் பூட்டு விழுந்துவிடும். ஸ்டேப்ளர் பின் போடாதீர்கள். உணவுக்குப் பக்கத்தில் பின் இருக்கவே கூடாது. சாக்லேட் கோனை மைக்ரோவேவில் வைக்கவும் அது இடைஞ்சல்.

நிரப்பும்போது கோனை ஒரு சின்ன டம்ளரில் நிறுத்திவையுங்கள். இரண்டு கையும் ஓய்வாக இருக்கும். குட்டி ஸ்பூனில் ஐசிங் எடுத்து அடிவரை கொண்டுபோய், வெளியிலிருந்து விரலால் கோனை நெருக்கி ஸ்பூனை வழித்து உருவுங்கள். பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. கோன் வெடிப்பதற்கும், கைப்பக்கம் ஐசிங் வழிவதற்கும் பத்தில் ஒன்பது முறை இதுதான் காரணம். பிறகு வாயைத் தட்டையாக்கி, காற்றை மேலே தள்ளி, இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மேலிருந்து கீழே சுருட்டிக்கொண்டே வாருங்கள். சுருட்டும் பக்கம் முக்கியம். கோனின் வெளி ஓரம் ஒட்டியிருக்கும் தையல் பக்கமாகச் சுருட்டாமல் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுருட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு மடிப்பும் தையலை இழுத்து இறுக்கும். மாற்றிச் சுருட்டினால் அழுத்தும்போது தையல் வாய்பிளக்கும்.

என்ன நிரப்புவது என்பது கேக்கின் மேல்பூச்சைப் பொறுத்தது. பிஸ்கட், ஃபாண்டன்ட் (சர்க்கரை மாவுப் போர்வை), மார்சிபன் (பாதாம், சர்க்கரை சேர்த்த மாவு) மேல் ராயல் ஐசிங் அழகாக நிற்கும். விப்பிங் க்ரீம் மேல் அதை எழுதினால் ஈரத்தை இழுத்துக் கரைந்து, நிறம் ஓடிவிடும். விப்பிங் க்ரீம் கேக்குக்கு நிறம் கலந்த நியூட்ரல் ஜெல் (கேக்குக்கான நிறமில்லா ஜெல்), அல்லது டார்க் சாக்லேட்டும் க்ரீமும் சம எடையில் சேர்த்த கனாஷ். ஸ்பூனிலிருந்து விழுந்த சொட்டு பரவாமல் மேடாக நிற்கும் வரை கனாஷ் ஆற வேண்டும். அவசரப்பட்டுச் சூடாக எழுதினால் க்ரீமில் பள்ளம் விழும். பட்டர்க்ரீம் கேக் என்றால் அதே பட்டர்க்ரீமில் சில சொட்டுப் பால் விட்டு இளக்கிக்கொள்ளலாம்.

ராயல் ஐசிங்குக்கு ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, அதாவது சுமார் 30 கிராம், 150 முதல் 170 கிராம் ஐசிங் சுகர், சில சொட்டு எலுமிச்சைச் சாறு. பச்சை முட்டை வேண்டாம் என்றால் மெரிங்க் பவுடர் (உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி) வாங்கி, டப்பாவில் போட்டிருக்கும் அளவில் தண்ணீர் சேருங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சாப்பிடும் கேக்குக்கு இதுதான் நல்லது. கிண்ணத்திலும் பீட்டரிலும் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது, இருந்தால் ஐசிங் எழும்பாது. ஸ்பூனைத் தூக்கினால் கூம்பு எழுந்து நுனி மட்டும் வளைய வேண்டும். அதுதான் எழுதும் பதம்.

சர்க்கரையைச் சலிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மாவுச் சல்லடை போதாது. சித்த மருந்துச் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வார்களே, அப்படி மெல்லிய பருத்தித் துணியில் சலிக்க வேண்டும். 1 மி.மீ. துளையில் அரை மி.மீ. கட்டி வந்து நின்றாலே கோடு கோணிவிடும். அடைத்துக்கொண்டது தெரிந்தும் அழுத்தத்தைக் கூட்டினால் முனைக்குப் பதில் தையல் பிரியும். அடைத்தால் நிறுத்தி, முனையை இரு விரலால் மெல்ல நசுக்கி, ஒரு தட்டில் பிதுக்கிப் பாருங்கள். வரவில்லையென்றால் சுத்தமான ஊசியால் எடுங்கள். முனையை இன்னொரு முறை நறுக்குவது கடைசி வழி. துளை பெரிதாகி அடுத்த எழுத்து தடிக்கும், பெயரின் முதல் பாதியும் பின் பாதியும் வேறு வேறு கை எழுதியதுபோல் ஆகிவிடும்.

நறுக்குவதற்குக் கூரான சின்னக் கத்தரி. மழுங்கல் கத்தரி பேப்பரை வெட்டாமல் நசுக்கும். நிரப்பி, மடித்து, இறுக்கிய பிறகுதான் நறுக்க வேண்டும். கத்தரி கோனுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்வாக நறுக்கினால் ஐசிங் ஒரு பக்கமாகச் சுருண்டு முனையிலேயே ஏறி ஒட்டும். முதலில் 1 மி.மீ. மட்டும் நறுக்கித் தட்டில் இழுத்துப் பாருங்கள். குறைவாக நறுக்கியதைச் சரிசெய்யலாம், அதிகமாக நறுக்கினால் புதுக் கோன்தான்.

கோடு இழுப்பதைக் கோலம் போடுகிறவர்களுக்குச் சொல்லித்தரவே தேவையில்லை. கோலமாவைத் தரையில் தேய்க்க மாட்டோம். விரலிடுக்கிலிருந்து மாவு இழையாக விழும், கை மேலே நகரும். இங்கேயும் அதேதான். தொடங்கும் இடத்தில் முனை தொட வேண்டும், ஐசிங் ஒட்டியதும் கோனை 2 செ.மீ. தூக்கிவிட வேண்டும், இழை தானாக இறங்கும், முடிக்கும் இடத்தில் அழுத்தத்தை நிறுத்திவிட்டு இறக்கித் தொட வேண்டும். கேக்கோடு ஒட்டியே இழுத்தால் கை நடுக்கம் அத்தனையும் கோட்டில் பதியும். இழை அறுந்தால் கை வேகம் அதிகம், அல்லது ஐசிங் கெட்டி. நெளிந்தால் அழுத்தம் அதிகம். அழுத்தம் மடிப்புக்கு மேல் இருக்கும் கட்டைவிரலிலிருந்து மட்டும் வர வேண்டும். உள்ளங்கையால் கோனை அணைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் கைச்சூடே பட்டர்க்ரீமை இளக்கப் போதும். கோன் சின்னதாக இருப்பதன் பலன் இங்கேதான். உள்ளே இருப்பது இளகத் தொடங்கும் முன் தீர்ந்துவிடும், ஃபிரிட்ஜில் காத்திருக்கும் அடுத்த கோனை எடுத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதுவதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலப் பெயருக்குப் பழகிய கை தமிழில் தடுமாறக் காரணம் சுழிகள். ண, ள, ழ, ற, கொம்பு, விசிறி (பி, கி-யில் வரும் இகரக் குறி) எல்லாமே வளைவு. 2 செ.மீ. உயர எழுத்தில் 2 மி.மீ. கோடு போட்டால் ண-வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ஒரே கட்டியாகத் தெரியும். தமிழுக்கு 1 மி.மீ. துளைதான். ஒரு கிலோ கேக் பெரும்பாலும் 20 செ.மீ. வட்டம். பார்டர் போக 15 செ.மீ. மிஞ்சும். "பிறந்தநாள்" என்பதில் ஆறு எழுத்து, நா துணைக்காலோடு இரண்டு இடம் பிடிப்பதால் ஏழு இடம். "வாழ்த்துகள்" என்பதிலும் ஆறு எழுத்து, வா-வுக்கு இரண்டு என்று அதே ஏழு இடம். ஒரு இடத்துக்கு 1.8 செ.மீ. வைத்தால் இரண்டு வரியும் 12.6 செ.மீ. வரும், ஒன்றின் கீழ் ஒன்று அளவெடுத்தாற்போல் உட்காரும். நடுவில் க் சேர்த்து "வாழ்த்துக்கள்" என்று எழுதினால் ஒரு இடம் கூடி இரண்டாம் வரி துருத்தும். க் இல்லாமல் எழுதுவதே சரி என்பது இலக்கணம் அறிந்தவர்கள் பலரின் கருத்து, கேக்கும் அதையே கேட்கிறது. பல்குத்தும் குச்சியால் நடுக்கோட்டை மெல்லத் தொட்டு, நான்காவது இடத்தை முதலில் குறித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பிரித்தால் வரி ஓரத்தில் நெருங்காது.

பி-யின் விசிறியைத் தனியாகப் போடாமல் எழுத்தோடு ஒரே இழையாகத் தூக்கி வளைத்தால் இயல்பாக விழும். ள-வில் முதல் சுழியை உள்ளிருந்து தொடங்குங்கள், வெளியிலிருந்து உள்ளே போனால் முனை சிக்கிக்கொள்ளும். புள்ளிகளை அப்போதைக்கு அப்போது வைக்காமல் இரண்டு வரியும் முடிந்தபின் மொத்தமாக வையுங்கள். கோனைச் செங்குத்தாகப் பிடித்து, தொட்டு, அழுத்தி, அழுத்தத்தை முழுக்க நிறுத்தி, அதன்பிறகு சின்ன வட்டமாகச் சுழற்றி எடுத்தால் வால் நிற்காது. நின்றுவிட்டால் ஈர பிரஷ்ஷால் தலையில் தட்டுங்கள்.

சாக்லேட்டுக்குப் பேப்பர் கோன் இன்னும் பொருத்தம். டபுள் பாய்லிங்கில் உருக்கிய காம்பவுண்ட் சாக்லேட்டை (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்தது) சூடு தணிந்ததும் நிரப்புங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தண்ணீர்போல் ஓடும். வடிவம் நிற்க வேண்டுமென்றால் 100 கிராமுக்குச் சில சொட்டு கிளிசரின் விட்டுக் கலக்கினால் கெட்டிப்படும். சொட்டுச் சொட்டாகவே விடுங்கள், ஒரேயடியாக விட்டால் திரிந்துவிடும். பார்ச்மென்ட் தாளுக்கு அடியில் வரைபடத்தை வைத்து, மேலே இழுத்து, பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் பட்டாம்பூச்சியோ இலையோ தனியாக உரிந்து வரும். முனையில் சாக்லேட் உறைந்துவிட்டால் இரு விரலுக்கு நடுவில் பத்து விநாடி பிடித்தாலே இளகும். முழுக் கோனும் இறுகிவிட்டால் மைக்ரோவேவில் ஐந்து ஐந்து விநாடியாக வைத்துப் பாருங்கள்.

இலை வேண்டுமென்றால் நாசிலே தேவையில்லை. நிரப்பிய கோனின் முனையை 1 செ.மீ. அளவு தட்டையாக நசுக்கி, இரண்டு பக்கமும் சாய்வாக நறுக்கி வேல்முனைபோல் ஆக்குங்கள். அழுத்தியதும் அது குருவி அலகுபோல் மேலும் கீழுமாகத் திறக்கும். அழுத்தி, அடி அகன்றதும் தளர்த்தி, இழுத்தால் நடுநரம்போடு இலை. நட்சத்திர நாசில் போட 38 செ.மீ. சதுரத்தில் பெரிய கோன் சுருட்டி, முனையில் 2 செ.மீ. நறுக்கி, உள்ளிருந்து நாசிலை இறக்குங்கள். துளை 1 செ.மீ. இருக்கும், சாதாரண சின்ன நாசிலின் அடி அதைவிட அகலம் என்பதால் பிடித்து நிற்கும். அதிகம் நறுக்கிவிட்டால் பாதி பார்டரில் நாசில் துள்ளிக் கேக் மேல் விழும். கெட்டியான பட்டர்க்ரீமுக்கு இந்த வழி வேண்டாம், பேப்பர் தாங்காது. அங்கே துணி அல்லது பிளாஸ்டிக் பேக்தான்.

வேலைக்கு நடுவே கோனைக் கீழே வைக்க நேர்ந்தால் முனை ஈரத்துணிக்குள் இருக்கட்டும். ராயல் ஐசிங் சில நிமிடத்திலேயே முனையில் காய்ந்து தொப்பி போட்டுக்கொள்ளும். சாக்லேட் மீந்தால் கோனோடு ஃபிரிட்ஜில் வைத்து, இறுகியதும் பேப்பரைப் பிரியுங்கள். கூம்பாக முழுசாக உரிந்து வரும், அப்படியே டப்பாவில் போட்டு அடுத்த கேக்குக்கு உருக்கிக்கொள்ளலாம்.